சிப் செய்யாத ஊருக்கு நனோ இலத்திரனியல் எதற்கு?

கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பணியாற்றும் பொறியியலாளருக்கு நனோ இலத்திரனியலில் பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு ஒரு பதில் ஆயத்தமாகவே இருக்கிறது. இலங்கையில் சிப் உற்பத்தி செய்யும் ஆலை ஒன்றுமில்லை. பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டையில் முன்னிற்பவை ஆடைத் தொழிற்சாலைகள். மலைச்சரிவுகளில் தேயிலைத் தொழிற்சாலைகள், மகாவலிக் கரையில் நீர்மின் நிலையங்கள், நகருக்குள் வைத்தியசாலைகள். இவற்றின் நிர்வாகிகளிடம் வினாக்கொத்தைக் கொடுத்து எந்தப் பயிற்சி வேண்டும் என்று கேட்டால் ஆங்கிலத் தொடர்பாடல், திட்ட முகாமைத்துவம், தரக் கட்டுப்பாடு என்று எழுதுவார்கள். நனோ என்று ஒருவரும் எழுதமாட்டார்கள். கைத்தொழில் கேட்காத ஒன்றைக் கற்பிப்பது பணவிரயம், அப்படிக் கற்பித்தாலும் கற்றவர் அடுத்த மாதமே விமானம் ஏறிவிடுவார். ஆகவே பேராதனையில் ஆய்வு நடக்கட்டும், ஹந்தானையில் ஆய்வு நடக்கட்டும், வேலைத்தளத்துக்கு அது வேண்டாம். கல்விமான்களும் முகாமையாளரும் கொள்கை வகுப்போரும் ஒருமித்துச் சொல்லும் இந்தப் பதில் யதார்த்தமானதாகத் தோன்றுகிறது. தேவை எங்கே பிறக்கிறது என்பதையும் அதை எப்படி அளப்பது என்பதையும் அது பிழையாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பதிலில் உண்மையான பகுதி உண்டு. சிப் ஆலைக்கு ஆயிரக்கணக்கான கோடி முதலீடும், தடையற்ற மின்சாரமும், மிகத் தூய நீரும், விநியோகச் சங்கிலியும் வேண்டும். கண்டிப் பள்ளத்தாக்கில் அப்படி ஒன்று நாளை எழும் என்று சொல்பவரை நம்பவேண்டியதில்லை. ஆனால், ஆலை இல்லாததிலிருந்து தேவை இல்லை என்ற முடிவுக்குத் தாவுவதற்கு இடையில் சொல்லப்படாத ஓர் எடுகோள் கிடக்கிறது: ஒரு தொழில்நுட்பத்தைச் செய்பவர்தான் அதை அறிந்திருக்க வேண்டும், வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அறிவுறுத்தற் கையேடு போதும் என்பதே அது. இயந்திரவியல் யுகத்தில் இது ஓரளவு சரியாக இருந்தது. கியர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், சுருள் எரிந்தால் மணக்கும். நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் இயங்கும் ஒரு சாதனம் பழுதாவது கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாது. அது ஏன், எப்போது, எந்த நிலைமையில் செயலிழக்கும் என்பதை அதன் பௌதிகத்தை அறிந்தவர் மட்டுமே முன்கூட்டிக் கணிக்க முடியும். அந்தக் கணிப்பு வேண்டியிருப்பது சாதனத்தைத் தெரிவுசெய்து, பொருத்தி, பல ஆண்டுகள் ஓட்டும் பொறியியலாளருக்கு.

நினைவகச் சிப்பை எடுத்துக்கொள்வோம். இன்று எந்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளும் பிளாஷ் நினைவகம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கலமும், வழக்கமான அமைப்பில், ஏழு எட்டு நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலத்தினூடாக இலத்திரன்களை ஊடுருவச் செய்து தகவலைச் சேமிக்கிறது. எழுதி அழிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படலம் சிறிது சிதைகிறது. வகையைப் பொறுத்துச் சில ஆயிரம் தடவைகளுக்குப் பின் கலம் தகவலைத் தாங்காது. வெப்பம் கூடினால் தாங்கும் காலமும் குறையும். இதைக் கணக்கிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021ஆம் ஆண்டு உலகம் பார்த்தது. டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 135,000 கார்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. மையத் திரையின் பின்னால் இருந்த எட்டு ஜிகாபைற் நினைவகத்தில் மென்பொருள் இடைவிடாது பதிவுகளை எழுதியதால், ஐந்தாறு ஆண்டுகளில் அதன் ஆயுள் தீர்ந்து, பின்பக்கக் கமராவின் படம் முதலானவை செயலிழந்தன. பழுதான சிப் வடிவமைப்பில் குறையுள்ள சிப் அன்று. உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு உழைத்துவிட்டே அது நின்றது. பிழை அதைப் பயன்படுத்தியவரின் கணக்கில் இருந்தது. சிப் ஆலை எதுவும் இல்லாத ஓர் ஊரின் பொறியியலாளரும் இதே பிழையை இதே அளவு இலகுவாகச் செய்ய முடியும். தேயிலையின் நிறம் பிரிக்கும் இயந்திரத்திலும், வைத்தியசாலையின் நோயாளர் கண்காணிப்புத் திரையிலும், ஆடைத் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவுக் கருவியிலும் இருப்பது அதே வகை நினைவகம்தான்.

கண்டியைச் சுற்றியுள்ள மின்வலுத் துறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவாட், கொத்மலை 201 மெகாவாட். இரண்டும் 1985ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியவை. அவற்றின் சுழலிகளும் பிறப்பாக்கிகளும் பல தசாப்தங்கள் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. இப்படியான நிலையங்களில் பழைய மின்காந்த அஞ்சல்களும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் மாற்றப்படும்போது அவற்றின் இடத்துக்கு வருபவை இலக்கமுறைச் சாதனங்களே. அரை நூற்றாண்டு வாழும் இயந்திரத்தின் மூளை, எத்தனை தடவை எழுதலாம் என்று எண்ணிக் கொடுக்கப்பட்ட ஆயுளுடன் வருகிறது. இந்த இரண்டு ஆயுட்காலங்களையும் ஒரே பராமரிப்புத் திட்டத்துக்குள் கொண்டுவருவது பொறியியலாளரின் வேலை. வழங்குநரின் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியை நம்பி அதைச் செய்வதற்கும், படலம் எப்படித் தேய்கிறது, வெப்பம் அதை எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்று கணக்கிட்டுச் செய்வதற்கும் இடையிலான வித்தியாசமே பயிற்சித் தேவை. அதை வினாக்கொத்தில் எழுதும் நிர்வாகி எவரும் இல்லை, ஏனெனில் அந்தத் தேவைக்கு அவரிடம் பெயர் இல்லை.

சூரிய மின்சாரம் அடுத்த சான்று. ‘சூரிய பல சங்க்ராமய’ திட்டம் 2016இல் தொடங்கிய பின் நாடெங்கும் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகின. கண்டி மாவட்டக் கூரைகளும் அதற்கு விலக்கல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் தொடங்கிய தடங்கல் நாடு முழுவதையும் இருளாக்கியது. நாட்டின் தேவை குறைந்த அந்த வேளையில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, சுழலும் இயந்திரங்கள் தரும் சடத்துவம் குறைந்திருந்தமையால் மின்தொகுதி அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்துப் பகற்பொழுதில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளரிடம் கேட்கும் நிலையும் வந்தது. இது மின்வலு முறைமைப் பிரச்சினை, இதில் நனோ எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதிப் பதில் அவருடையதுதான். ஆனால் மறுபாதி இன்வேட்டருக்குள் இருக்கிறது. மின்னழுத்தம் தளம்பும்போது விலகாமல் நின்று தாங்கும்படி இன்வேட்டரைக் கேட்பது அதன் உள்ளேயுள்ள குறைகடத்தி ஆளிகளின்மீது கூடுதல் சுமையை ஏற்றுவது. இப்போது பரவிவரும் சிலிக்கன் காபைட்டு மொஸ்பெற்று ஆளிகளில் வாயில் (கேற்) ஒட்சைட்டின் தடிப்பு ஏறத்தாழ 50 நனோமீற்றர். அங்கே சிக்கும் மின்னேற்றங்கள் காலப்போக்கில் ஆளியின் தொடக்க மின்னழுத்தத்தை நகர்த்தும். தொகுதிக்கு எது தேவை என்று சொல்லும் பொறியியலாளரும், சாதனம் எதைத் தாங்கும் என்று அறிந்த பொறியியலாளரும் ஒரே மேசையில் பேசவேண்டிய காலம் இது. இரண்டாமவரை உருவாக்க வேண்டியதில்லை என்றுதான் நடைமுறைக் கருத்துச் சொல்கிறது.

இனி அளவுகோலுக்கு வருவோம். பயிற்சித் தேவை மதிப்பீடு என்ற துறைக்கு அடித்தளமிட்ட நூலை 1961இல் மக்ஜீயும் தேயரும் எழுதினார்கள். தேவையை மூன்று தளங்களில் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்: நிறுவனத்தின் இலக்கு, செய்யப்படும் வேலை, அதைச் செய்யும் ஆள். இன்று நம்மிடையே நடக்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை முதல் தளத்தையே தொட்டுவிட்டு முடிவுரை எழுதுகின்றன. வினாக்கொத்து மனிதவள அதிகாரியின் மேசைக்குப் போகிறது. அவர் தாம் அறிந்த பாடநெறிகளின் பட்டியலிலிருந்து தாம் அறிந்த தேவையைத் தெரிவுசெய்கிறார். சென்ற ஆண்டு எந்தப் பயிற்சிக்கு நிறுவனம் பணம் கொடுத்தது என்பதையே அந்தத் தாள் அளக்கிறது. வேலையில் என்ன நடக்கிறது, பொறியியலாளருக்கு எது தெரியவில்லை என்ற இரண்டு தளங்களும் அதில் இல்லை. நனோ இலத்திரனியல் போன்ற துறையில் இந்தக் குறை இரட்டிப்பாகும். ஒரு துறையை அறியாதவருக்கு, தாம் அதை அறியவில்லை என்பதுகூடத் தெரியாது. பலகை பழுதானால் முழுப் பலகையையும் மாற்றிவிடுகிறார்கள். புதிய பலகை வந்ததும் இயந்திரம் ஓடுகிறது. காரணம் பழைய பலகையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. நிலைமின்னே இதற்குச் சிறந்த உதாரணம். மனித உடல் ஏறத்தாழ 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த நிலைமின் வெளியேற்றத்தை உணர்வதில்லை. நுண்ணிய சிப்புகளில் சில 100 வோல்ற்றிலேயே சேதமாகும். சேதமான சிப் அன்றே சாகாமல் சில மாதங்கள் நொண்டி ஓடக்கூடும். தான் உணராத ஒன்றால் தான் அறியாத நாளில் ஏற்பட்ட பழுதுக்குப் பயிற்சி வேண்டும் என்று எந்த முகாமையாளர் எழுதுவார்? கேட்கப்படவில்லை என்பது தேவை இல்லாமைக்குச் சான்றாகாது. பல வேளைகளில் அது தேவையின் அறிகுறியே.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வரும். பினாங்கைப் பாருங்கள் என்பார்கள். மலேசியாவின் அந்தச் சிறு தீவில் 1972இல் இன்ரெல் தொழிற்சாலை தொடங்கியது. 1989இல் நிறுவப்பட்ட பினாங்குத் திறன் அபிவிருத்தி நிலையம் கைத்தொழில் தலைமையிலேயே நடந்தது. எது வேண்டும் என்று நிறுவனங்களே தீர்மானித்தன. உலகம் அதை மாதிரியாகக் கொண்டாடுகிறது. அப்படியானால் நிறுவனங்களைக் கேட்பதுதானே சரியான வழி? பினாங்கின் வெற்றியை மறுக்கவேண்டியதில்லை. அது எதனால் வென்றது என்பதைச் சரியாகப் படிக்கவேண்டும். அங்கே பேசியவை குறைகடத்தியைத் தாமே கையாண்ட நிறுவனங்கள். தங்கள் வரிசையில் எந்த இயந்திரம் எந்தத் திறனுக்காகக் காத்திருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். அவை தாளில் குறியிட்டுவிட்டு ஒதுங்கவில்லை. இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் கொடுத்து, போட்டியாளரோடு சேர்ந்து ஒரே கூரையின் கீழ் பாடம் நடத்தின. அங்கே வினாக்கொத்தின் இடத்தில் இருந்தது கூட்டுப் பொறுப்பு. கண்டியின் நிறுவனங்கள் பயன்படுத்துநர்கள்; அவற்றின் அறிவு வேறு வகையானது. பினாங்கிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம், பேசுபவர் வேலையை அறிந்தவராக இருக்கவேண்டும் என்பது. அந்தப் பாடத்தைக் கண்டியில் பின்பற்றினால் மனிதவள மேசையை விட்டுப் பராமரிப்புப் பட்டறைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

அடுத்த ஆட்சேபம் வெளியேற்றம் பற்றியது. பயிற்சி கொடுத்தால் போய்விடுவார்கள் என்ற அச்சம் பொய்யில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் பெருமளவில் நாட்டை விட்டுப் போனார்கள். ஆனால் அவர்களில் எவரையும் நனோ இலத்திரனியல் பயிற்சி அனுப்பிவைக்கவில்லை. நாணயத்தின் வீழ்ச்சியும், எரிபொருள் வரிசையும், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய பயமும் அனுப்பின. திறனைக் குறைத்துவைத்தால் ஆட்கள் தங்குவார்கள் என்ற கணக்குக்கு ஆதாரம் எங்கே? சலிப்பூட்டும் வேலையும் ஓர் அனுப்பும் விசைதான். இதன் வரலாற்றுப் பக்கத்தையும் மறக்கலாகாது. 1980களின் தொடக்கத்தில் மோட்டோரோலாவும் ஹாரிஸ் நிறுவனமும் இலங்கையில் குறைகடத்தித் தொழிற்சாலைகள் அமைக்க முன்வந்திருந்தன. 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் இரண்டும் விலகிப்போயின. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது இந்தத் தீவின் இலத்திரனியல் எதிர்காலத்தின் ஒரு பகுதியும் சேர்ந்தே எரிந்தது. பயிற்சி இருந்திருந்தால் அவை நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. சமாதானமும் நீதியும் இல்லாத இடத்தில் பயிற்சி தனியே எதையும் காப்பாற்றாது. ஆனால் அந்தச் சம்பவம் மறுதரப்புக்கும் உதவவில்லை. ஆலை வந்தபின் பயிற்சியைத் தொடங்கலாம் என்று சொல்பவர்கள், வாய்ப்பு என்பது வாசலில் நெடுநேரம் நிற்காது என்பதை 1983இலிருந்தே கற்றிருக்கலாம். ஆயத்தமான பொறியியலாளர் கூட்டத்தை ஒரு பருவத்தில் விளைவிக்க முடியாது.

செலவு பற்றிய ஆட்சேபம் தூய்மை அறையைக் காட்டிப் பயமுறுத்துகிறது. வேலைசெய்யும் பொறியியலாளருக்கு வேண்டிய பயிற்சியில் பெரும்பகுதிக்குத் தூய்மை அறை தேவையில்லை. நம்பகத்தன்மைக் கணிப்பு, பழுது ஆய்வு, நிலைமின் பாதுகாப்பு, உதிரிப்பாகத் தெரிவு ஆகியவற்றுக்கு நல்ல ஆசிரியரும் அளவீட்டுக் கருவிகளும் உண்மையில் பழுதான பலகைகளும் போதும். சிப் வடிவமைப்பைத் தொட விரும்புபவருக்கு, 2020இல் கூகிளும் ஸ்கைவோட்டரும் சேர்ந்து 130 நனோமீற்றர் உற்பத்தி முறையின் வடிவமைப்புத் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. அது முன்னணித் தொழில்நுட்பம் இல்லைத்தான். கற்பதற்கு அது குறையும் இல்லை. படலம் இடவும் அளக்கவும் ஆய்வுகூடம் வேண்டிய சிறு பகுதிக்குப் பகிர்வு ஒரு வழி. இந்தியாவில் 2008இல் தொடங்கிய நனோ இலத்திரனியல் பயனர் திட்டம், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தினதும் மும்பை ஐ.ஐ.டி.யினதும் ஆய்வுகூடங்களை வெளியாருக்குத் திறந்து, அங்கேயே கைப்பயிற்சி கொடுத்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு தூய்மை அறை கட்டாமல், இருப்பதை எல்லோருக்கும் உரியதாக்கியதே அதன் சிக்கனம்.

கண்டியில் பகிர்வதற்கு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பொறியியல் பீடம் இங்கே இருக்கிறது. 1996 முதல் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. ஹந்தானைச் சரிவில் 1981இன் சட்டத்தால் உருவான அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனின் குழு, நுண்துளை கொண்ட தைத்தானியம் ஈரொட்சைட்டுப் படலத்தின்மேல் சாயம் ஏற்றி, திரவ மின்பகுபொருளுக்குப் பதிலாகச் செம்பு அயடைட்டு என்ற திண்மக் குறைகடத்தியை நிரப்பிய சூரியக் கலத்தை 1995இல் வெளியிட்டது. திரவம் கசிவதும் உலர்வதும் சாயக் கலங்களின் பெருங்குறையாக இருந்த காலத்தில் அது உலகம் திரும்பிப் பார்த்த வேலை. திண்மநிலை நனோ இலத்திரனியலின் ஒரு முக்கிய அடி, தலதா மாளிகையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் வைக்கப்பட்டது. ஆயினும் நிறுவனங்களிடம் மட்டுமே கேட்கும் மதிப்பீட்டில் இந்த அறிவு ஒருபோதும் தென்படாது, ஏனெனில் அந்தத் தாளில் ஊருக்குள் என்ன அறிவு இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. பல்கலைக்கழகம் ஏற்கெனவே முதுமாணிக் கற்கைகளை நடத்துகிறதே, அது போதாதா என்பார்கள். முதுமாணிப் பட்டம் துறையை முழுமையாகக் கற்க விரும்புபவருக்கானது. முறைமாற்று வேலை முடித்து வரும் பராமரிப்புப் பொறியியலாளருக்கு வேண்டியது, தாம் நேற்றுக் கழற்றிய பலகையிலிருந்து தொடங்கும் நாற்பது மணித்தியாலம். ஒன்று மற்றதின் இடத்தை நிரப்பாது.

அப்படியானால் தேவையை எப்படி அளப்பது? பராமரிப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்கவேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை பலகைகள் மாற்றப்பட்டன, எவற்றுக்குக் காரணம் எழுதப்பட்டது, எவற்றுக்கு ‘பழுது’ என்ற ஒற்றைச் சொல்லே காரணமாயிற்று என்று எண்ணினால், அந்த ஒற்றைச் சொல்லின் எண்ணிக்கையே முதல் அளவு. அதன்பின் கொள்வனவுக் கோப்புகள்: எந்தச் சாதனம் என்ன நிபந்தனையோடு வாங்கப்பட்டது, நினைவக ஆயுளும் வெப்ப எல்லையும் கேள்வி மனுவில் கேட்கப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். பின்னர் ஆட்கள்: உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதை விட்டு, ஒரு தரவுத்தாளையும் ஒரு பயன்பாட்டையும் கொடுத்து இந்த நினைவகம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணிக்கச் சொன்னால் அரைமணி நேரத்தில் இடைவெளி தெரிந்துவிடும். இதில் பொறியியலாளரோடு நின்றுவிடவும் கூடாது. பலகையைக் கையால் தொடுபவர் தொழில்நுட்பவியலாளர். மலையகத்தில் அவர் தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர். நிலைமின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே சுவரில் தொங்கினால் பொறியியலாளரின் பயிற்சி அந்தச் சுவரோடு முடிந்துவிடும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது; பட்டதாரி எதைச் செய்யக்கூடியவர் என்ற விளைவை வைத்தே பட்டத்தை மதிப்பிடும் முறை அது. பட்டத்துக்கு முன் விளைவைக் கேட்கும் நாம், பட்டத்துக்குப் பின் மட்டும் விருப்பத்தைக் கேட்பது ஏன்?

இப்படி அளந்தபின் தேவை சிறிதென்று தெரியவும் கூடும். ஒருவேளை ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு முப்பது பேர் போதும் என்று வரலாம். ஒருவேளை மின்வலுத் துறைக்கு மட்டுமே அவசரம் என்று வரலாம். அந்த முடிவை ஏற்கத் தயாராக இருக்கவேண்டும், ஏனெனில் அது பார்த்து எழுதிய முடிவாக இருக்கும். இன்று நடப்பிலுள்ள முடிவு அப்படிப்பட்டதில்லை. கேட்கக்கூடாதவரிடம் கேட்டு, கேட்கவேண்டிய கேள்வியை விட்டுவிட்டுப் பெற்ற மௌனத்தை அது தரவாக எழுதிவைத்திருக்கிறது. இதுவரை பயிற்சி வேண்டும் என்பவரிடமே ஆதாரம் கேட்கப்பட்டது. நனோமீற்றர் அளவிலான சாதனங்கள் மின்நிலையத்திலும் கூரையிலும் தொழிற்சாலையிலும் வைத்தியசாலையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கையில், தேவை இல்லை என்று அறிக்கையில் எழுதுபவர் எந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார், எந்தப் பொறியியலாளரைச் சோதித்தார் என்பதை முதலில் சொல்லட்டும்.